சான்றிதழில் இரண்டு ஓட்டை

2004 அக்டோபர், சனிக்கிழமை காலை 11.20. லூயிஷாம் சந்தைக்குப் பின்னால் பழம்பொருள் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் குகன், பழைய ஜப்பானிய வாள் ஒன்றை என் முன் வைக்கிறார். இருபது வருட ஆசை. இன்று வாங்கியே தீருவதென்று வந்திருக்கிறேன். கூடவே டோக்கியோ நிபுணர்களின் சான்றிதழ்; சாமி படத்தைப் போல லாமினேட் செய்திருக்கிறார்.

"நம்பலாங்களா?"

"ஓம் அண்ணை. சீல் இருக்கு, படம் இருக்கு. என்னையே இந்த நாட்டிலை வைச்சிருக்கிறது இப்பிடி ஒரு பேப்பர்தான்."

தாள், தேதி, முத்திரை எதிலும் குறை தெரியவில்லை. பிடியைக் கழற்றச் சொல்கிறேன். முனகிக்கொண்டே மூங்கில் ஆணியைத் தட்டி எடுக்கிறார். பிடிக்குள் மறைந்திருந்த அடிப்பகுதி துருவேறிக் கறுத்து அழகாகவே இருக்கிறது. சான்றிதழில் உள்ள இதே பகுதியின் படத்தில் ஆணிக்கு இரண்டு ஓட்டைகள். வாளில் ஒன்றுதான்.

"பேப்பர் ஒரிஜினல்தாங்க. ஆனா வேற வாளோடது," என்கிறேன். சொல்ல மனமே வரவில்லை.

குகன் படத்தையும் வாளையும் மாறிமாறிப் பார்க்கிறார்.

"ஒரு ஓட்டைதானே குறையுது? பொறுங்கோ."

உள்ளே போனவர் ட்ரில்லோடு வருகிறார்.

"எந்த இடத்திலை எண்டு மட்டும் காட்டுங்கோ, அண்ணை."