ஆழமான பக்கத்தைக் கேட்ட அருள்மேரி டீச்சர்

போன செவ்வாய்க்கிழமை, அரியலூரிலிருந்து வந்த காலை பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் பெரம்பலூர் பள்ளி வாசலில் இறங்கி வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போனார். "தையல் டீச்சர்கிட்ட சொல்லிடுங்க. அருள்மேரி டீச்சர் தவறிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்களாம். சாயந்திரம் ஏலாக்குறிச்சில அடக்கம்." ஒன்பதாம் வகுப்புக்குக் காஜா போடச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊசியைக் குத்திய இடத்திலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரியலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நாங்கள் வெகுகாலம் சேர்ந்து வேலை பார்த்தோம். அவர் விளையாட்டு ஆசிரியை. கொள்ளிடத்தில் அண்ணன்களோடு நீந்தி வளர்ந்தவர். சென்னையில் பயிற்சிக்குப் போன இடத்தில் ஆண்கள் வாட்டர் போலோ ஆடுவதைப் பார்த்திருக்கிறார். அணிக்கு ஏழு பேர் தண்ணீரில் மிதந்துகொண்டே பந்தை எறிந்து கோல் போட வேண்டும், காலைத் தரையில் ஊன்றக் கூடாது. "பொம்பளைங்க எப்ப சார் ஆடுவாங்க?" என்று இவர் கேட்டதற்கு, "நீங்க கை தட்டலாம்மா" என்று பதில் வந்ததாம். "நான் தட்டலையே" என்பார் என்னிடம், நேற்று நடந்ததுபோல.

எழுபதுகளின் அரியலூரில் நீச்சல் குளத்துக்கு எங்கே போவது? கீழப்பழுவூரில், எங்கள் மாணவி பூங்கொடியின் அப்பாவுக்கு வயலில் அகலமான கிணறு ஒன்று இருந்தது. டீச்சர் நேரே போய் அதை ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கேட்டார். பூங்கொடியின் அப்பா தாடையைச் சொறிந்துவிட்டு, "வேலியோரமா நானே உக்காந்துக்கறேன். ஒரு பய எட்டிப் பாக்க மாட்டான்" என்றார். மூங்கிலைச் சட்டமாகக் கட்டி இரண்டு சுவரிலும் தொங்கவிட்டதுதான் கோல். பக்கத்துக்கு மூன்று பேருக்கு மேல் இடம் போதாது. கால் ஊன்றலாம் என்றால் தரை எங்கோ அடியில் கிடந்தது.

உடுப்பு என் பொறுப்பு. யாரும் குறை சொல்லிவிடக் கூடாதென்று பாப்ளினில் சுருக்கம் நிறைய வைத்துத் தைத்தேன். குதித்ததும் காற்று புகுந்து ஆறு பேரும் பூரி மாதிரி உப்பி மிதந்தார்கள். "இனிமே யாரும் தண்ணில முங்கிடுவாங்கன்னு பயமில்ல, தையல் டீச்சர்" என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த வாரமே பனியன் துணியில் ஒட்டத் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டு வருடப் பயிற்சிக்குப் பிறகு, ஏழுக்கு ஒரு ஆள் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஆறு பேரையும் திருச்சிப் போட்டிக்கு அழைத்துப் போனார். எனக்குப் பரீட்சை வேலை, போக முடியவில்லை. போனவர்கள் தலை நனையாமல் திரும்பி வந்தார்கள். ஆழமான பக்கம் ஆண்களுக்கு மட்டும்தானாம். பெண்கள் வேண்டுமானால் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி கொஞ்ச நேரம் ஆடிக் காட்டலாமாம். "நின்னு ஆடறதுக்குத் தண்ணி எதுக்கு சார்?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறார்.

அவ்வளவு தூரம் போயும் ஆடாமல் வந்ததற்குப் பெற்றவர்கள் பள்ளிக்கு வந்து சத்தம் போட்டார்கள். "நாந்தாங்க வேணாம்னு சொன்னேன். புள்ளைங்கள ஒண்ணும் சொல்லாதீங்க" என்று டீச்சர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். அந்த வைகாசியிலேயே பூங்கொடியை ஆண்டிமடத்தில், முந்திரித் தோப்பு வைத்திருந்த குடும்பத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஆறு பேரில் அவள்தான் கெட்டிக்காரி. ஒரே ஒரு ஆட்டம்கூட ஆடாமல் போனாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உங்க வீம்புக்கு அந்தப் பொண்ணப் பலி குடுத்துட்டீங்க. இடுப்பளவுத் தண்ணின்னாலும் ஒரு தடவ ஆடியிருப்பால்ல?" என்று ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவர் டிபன் டப்பாவை மூடிவிட்டு, "இருக்கட்டும், தையல் டீச்சர்" என்றார். இரண்டு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பிறகு பேசினோம், சிரித்தோம், சேர்ந்து சாப்பிட்டோம். ஆனாலும் அந்தக் கோபத்தை நான் மனதிலிருந்து எடுக்கவே இல்லை.

அவர் வருடா வருடம் மனுவோடு திருச்சிக்குப் போனார். ஐந்தாவது வருடம், இவர் தொல்லை தாங்காமலோ என்னவோ, ஆழமான பக்கம் கிடைத்தது. நானும் போய்ப் பார்த்தேன். கிணற்றில் பந்து எங்கே போனாலும் சுவரில் பட்டுத் திரும்பிவிடும், அந்தக் குளத்தில் திரும்பவில்லை. நன்றாகத் தோற்றோம். ஆனால் எங்கள் பெண்களில் ஒருத்திகூட ஓரத்துச் சுவரைப் பிடிக்கவில்லை. டீச்சருக்கு அன்று கல்யாண வீட்டுக் களை.

அதோடு விடவில்லை. நடுவர் தேர்வு எழுதி ஆண்கள் ஆட்டத்துக்கும் விசில் ஊதினார். "பொம்பள விசிலுக்கெல்லாம் நிக்கணுமா?" என்றான் ஒருத்தன். "நிக்க வேணாம் தம்பி, மேல ஏறி உக்காருங்க" என்று வெளியே அனுப்பினார்.

ஏலாக்குறிச்சிக் கல்லறைத் தோட்டத்தில் பூங்கொடியைப் பார்த்தேன். காதோரம் நரைக்கத் தொடங்கியிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு ஆட்டம் ஆடாமயே போயிட்டியேம்மா" என்றேன். எத்தனையோ வருடமாகச் சொல்ல நினைத்தது.

அவள் என்னை வியப்பாகப் பார்த்தாள். "டீச்சர் உங்ககிட்டகூட சொல்லலையா? அன்னிக்கு எங்க ஆறு பேரையும் உக்கார வச்சு, 'நின்னுக்கிட்டு ஆடலாமா, வூட்டுக்குப் போலாமா, நீங்களே சொல்லுங்க'ன்னு கேட்டாங்க. போலாம்னு மொதல்ல கை தூக்குனது நாந்தான். 'வூட்டுல தெரிஞ்சா ஒதை வுழும், நான் சொன்னதாவே இருக்கட்டும்'னு டீச்சர் சொல்லிட்டாங்க." என் கையை விடாமலே, "எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்லங்க டீச்சர்" என்றாள்.

எல்லோரும் மண் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். சாவுக்கு வந்த இடத்தில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பார்கள். நான் குழியருகே போய்ச் சொல்லிக்கொண்டுதான் கிளம்பினேன். "தப்பு என் மேலதான் டீச்சர். போயிட்டு வரேன்."