நடுவில் இருந்த இரண்டு வரி

போளூரில் அந்தக் கம்ப்யூட்டர் கடைக்கு நானும் அம்மாவும்தான் போனோம். ஜவ்வாது மலையில் எங்கள் ஊர்ப் பெண்கள் குழு, புளியை ஒன்றாகச் சேர்த்துத் தானே விற்பது என்று முடிவு செய்திருந்தது. ஒடுகத்தூர் மண்டிக்காரரின் தராசை இனி நம்பியிருக்க வேண்டாம். எடையும் கணக்கும் எங்கள் கையில் இருக்கும். குழுவில் பி.காம். படித்தவள் நான் ஒருத்தி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். பணம் அம்மாவின் மடியில் இருந்தது.

கடைக்காரர் புது லேப்டாப் ஒன்றைத் துடைத்து முன்னால் வைத்தார். வேண்டாம் என்றேன். கணக்கு எழுத, அதில் பாதி விலைக்குக் கிடைக்கும் பழைய டெஸ்க்டாப் போதும். ஆனால் எஸ்.எஸ்.டி. போட்டிருக்க வேண்டும், ஒரு வருட வாரண்டி வேண்டும். மிச்சப் பணத்தில் யுபிஎஸ்ஸும் சின்ன பிரிண்டரும். மலையில் கரண்டு சொல்லிக்கொண்டு போவதில்லை. சிக்னலும் அப்படித்தான், ஆகவே இன்டர்நெட் இல்லாமல் ஓடும் கணக்கு சாஃப்ட்வேர். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு இரண்டு சாஃப்ட்வேர் காட்டினார். விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

"இதுல ரசீது தமிழ்ல வரும்மா. மலைக்காரங்களுக்கு இது போதும். அது இங்கிலீஷு, பெரிய கம்பெனிங்க வச்சிக்கிறது."

"தமிழ்ல வர்றதையே எடுத்துக்கலாமே," என்றாள் அம்மா.

"நீ சும்மா இரும்மா."

ஆங்கிலத்தையே வாங்கினேன்.

முதல் எடை நாளில் அம்மாவின் மூட்டை நாற்பத்திரண்டு கிலோ. ரசீதில் மேலே 42, கீழே 40. சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ கழிவு. நடுவில் இரண்டு வரியில் அது ஆங்கிலத்தில் இருந்தது. எண்களை எங்கள் ஊரில் எல்லோரும் படிப்பார்கள்.

"நடுவுல இன்னா எழுதிக்குது?" என்று அம்மா கேட்டாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றிருந்தார்கள்.

"கம்ப்யூட்டர் தப்பா போடாது. வாங்கிட்டு நகரு."

"உன் பொண்ணு ஆபீசர் ஆய்ட்டாடி," என்று வரிசையில் ஒருத்தி சொன்னாள். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் ஒடுகத்தூருக்குப் போன அம்மா, அந்த ரசீதை மண்டிக்காரரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். "உன் பொண்ணு ரெண்டு கிலோ கழிச்சிருக்காம்மா. உங்கிட்ட சொல்லலையா?" என்று கேட்டாராம். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் போனது. அடுத்த எடை நாளில் மூன்று மூட்டைகள்தான் வந்தன. என் சொந்தப் பணத்தில் தமிழ் சாஃப்ட்வேரை வாங்கிப் போட்டேன். அதற்குப் பிறகு ஒரு மூட்டையும் வரவில்லை. அம்மாவுடையதும்.

அவள் தன் புளியை ஒடுகத்தூரில் போட்டுவிட்டு வந்த அன்று, ஒரு துண்டுச் சீட்டை என்னிடம் நீட்டினாள்.

"இத்தப் படி."

மண்டிக்காரரின் கையெழுத்து. நாற்பத்தைந்து கிலோவுக்கு நாலு கிலோ கழிவு.

"நான் கழிச்சதுக்கு ரெண்டு மடங்கும்மா இது."

"தெரியும்," என்றாள். சீட்டைத் திரும்ப வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். "இன்னாத்துக்குன்னு கேட்டேன். உக்கார வச்சு சொன்னாரு."