எல்லைக்கு வெளியே கேட்ட தண்ணீர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நொச்சிக்குப்பத்தில் பிறந்து பாதி ஆயுசைக் கடலில் கழித்தவனுக்குக் காற்றும் அலையும்தான் பயம். நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இன்ஜின் நின்றுபோன வெளிநாட்டுக் கப்பல் ஒன்று மிதந்து வருகிறது, ஏறிச் சோதனை போடவேண்டும் என்று கடலோரக் காவல் அதிகாரி ஒருவர் என் ஃபைபர் படகைக் கேட்டார். அவர்களுடைய படகு பழுதாம். நல்ல மத்தியான வெயில். கிட்டே போனதும் மேலே ஒருத்தன் தெரிந்தான். கயிற்று ஏணியை இறக்கிவிட்டு, நம் குப்பத்துப் பேச்சிலேயே கேட்டான்.

"மாமா, தண்ணி கீதா? எனக்கில்ல. உள்ள ஒருத்தன் நாக்கு வறண்டு கெடக்குறான்."

காலடியில் கேன் நிறையத் தண்ணீர். தூக்கினேன். அதிகாரி என் கையைத் தட்டிவிட்டார்; கேன் பழைய இடத்திலேயே உட்கார்ந்தது. கப்பல் இன்னும் நம் நாட்டு எல்லையான பன்னிரண்டு கடல் மைலுக்கு வெளியே இருக்கிறது, அங்கே கப்பலில் எந்த நாட்டுக் கொடி பறக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான், ஏறவும் கூடாது, எதையும் கொடுக்கவும் கூடாது என்றார். நீரோட்டம் இழுக்கிறதே, தானாக உள்ளே வரட்டும் என்று டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டார். உயிருக்குத் தவிக்கிறவனுக்கு எங்கேயும் உதவலாம் என்றும் சட்டம் இருக்கிறதாம், அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மேலே நின்றவன் கெஞ்சவில்லை. "சரி மாமா, நானே எறங்கி வரேன்" என்றான்.

"வரட்டும்யா. நம்ம படகுல கால வச்சான்னா புடிச்சு உள்ள போட்டுடலாம்" என்று அதிகாரி ஊறுகாயை நக்கினார்.

யாரும் இறங்கவில்லை. வெறும் ஏணிதான் ஆடிக்கொண்டிருந்தது.

வெயில் தாழ்ந்து, கப்பல் எல்லைக்குள் வந்த பிறகு ஏறினோம். உள்ளே ஒரே ஒருவன், வேற்று நாட்டுக்காரன், தரையில் கிடந்தான். அப்போதுதான் உயிர் போயிருக்கிறது, உடம்பில் சூடு ஆறவில்லை. வெடித்த உதட்டில் ஈரம். எங்களிடம் தண்ணீர் கேட்டவனைக் கப்பல் முழுக்கத் தேடினோம். இல்லை.

படகுக்குத் திரும்பினால் என் கேன் காலி. மூடி திருகினது திருகினபடியே இருக்கிறது.

"ஆளு முன்னாடியே செத்துட்டான்னு எழுதப் போறேன். நீ மேல யாரையும் பாக்கல, புரியுதா?" என்றார் அதிகாரி.

கரைக்கு வரும் வழியெல்லாம், யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் கேன் இருந்த பக்கமாகவே படகு சாய்ந்து வந்தது. இன்றைக்கும் அதே படகில்தான் மீனுக்குப் போகிறேன். அந்தக் கேனில் தண்ணீர் தீர்ந்ததும் அந்தப் பக்கம் சாய்கிறது. நிரப்பி வைத்தால் நிமிர்ந்துவிடுகிறது.