அக்கா பார்த்த கடைசி வருஷத்துப் படங்கள்

நிக்கோபாரின் கட்சால் தீவிலிருந்து ஆட்களை மீட்டுக்கொண்டுவந்த கப்பல் போர்ட் பிளேரின் ஹேடோ துறைமுகத்தில் அணைந்தபோது அத்தானின் கையில் ஒரு மழைக்கோட்டுப் பொட்டலம் மட்டுமே இருந்தது. ரப்பர் பால் வெட்டப் போகும்போது அவர் போட்டுக்கொள்கிற பழைய கோட்டு அது. கைக்குழந்தையைப் போல அதை மார்போடு அணைத்தபடி படியிறங்கி வந்தார். உள்ளே அக்காவின் புடவையோ கல்யாணப் போட்டோவோ இருக்கும் என்று நினைத்தேன். என் டெலானிபூர் குவார்ட்டர்ஸுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து அவர் அதைப் பிரித்தபோது, சினிமா சிடிக்கள். எல்லாம் அந்த ஒரு வருஷத்தில் வந்த தமிழ்ப் படங்கள். நான் வாங்கி அனுப்பியவை.

எங்கள் அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கட்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்கள். நான் படித்துத் துறைமுகத்தில் வேலை கிடைத்து போர்ட் பிளேருக்கு வந்துவிட்டேன். அக்கா தோட்டத்திலேயே வேலைசெய்த அத்தானைக் கட்டிக்கொண்டு, அப்பாவும் அம்மாவும் காலமான பின்னும் அங்கேயே இருந்தாள். அவளுக்கு சினிமா என்றால் உயிர். கட்சாலில் ஏது தியேட்டர்? மெயின்லாண்டிலிருந்து வரும் கப்பல்களில் வேலைசெய்த சிநேகிதர்கள் சென்னையில் வாங்கிவரும் சிடிக்களை நான் தீவுக்குத் தீவு போகும் கப்பலில் கொடுத்தனுப்புவேன். ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் அவள் வீட்டு வாசல்வரை, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளின் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ரயில் வரும் காட்சி என்றால் அக்கா படத்தை நிறுத்திவிடுவாள். ரயிலை நேரில் பார்க்காதவள் அவள். பெட்டிகளின் ஜன்னல் ஒவ்வொன்றிலும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் மறுபடி ஓடவிடுவாள். அந்த வருஷம் தீபாவளிக்குப் பிறகு தோட்டத்து ஆபீஸிலிருந்து போனில் பேசியபோது சொன்னாள்: "தம்பி, இந்த வருஷம் வந்ததுல ஒண்ணுகூட சோடை போகல. எல்லாத்தையும் ரெண்டு வாட்டி பாத்தாச்சு. பொங்கலுக்கு வர்றதையும் மறக்காம அனுப்பு."

பொங்கல் படம் வந்தபோது அதை வாங்கிக்கொள்ள அவள் இல்லை. கிறிஸ்துமஸ் விருந்துக்காகக் கரையோரத்தில் இருந்த நிக்கோபாரி சிநேகிதி வீட்டுக்குப் போனவள், சமையலுக்கும் மற்றதற்கும் உதவியாக இரவும் அங்கேயே தங்கிவிட்டாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நிலம் ஆடி, கடல் ஏறி வந்தபோது அத்தான் மேட்டிலிருந்த ரப்பர் தோட்டத்தில் நின்றிருந்தார். அவர் கீழே ஓடிவந்தபோது கரையும் இல்லை, அந்தச் சிநேகிதியின் வீடும் இல்லை. அக்காவின் உடல் கிடைக்கவில்லை. பள்ளி லீவுக்கென்று முன்பே கப்பலேற்றி எங்களிடம் அனுப்பியிருந்ததால் அவர்களுடைய ஒரே மகள் பிழைத்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயது.

மகளை எங்களிடமே விட்டுவிட்டு அத்தான் கட்சாலுக்குத் திரும்பிப்போனார். நிலம் ஆடியதில் மேட்டிலிருந்த லயம் விரிசல்விட்டிருந்ததால் அங்கே தகரக் கொட்டகையில் இருந்தார். "இங்கயே ஒரு வேலை பாத்துத் தரேன், இருங்க அத்தான்" என்று எத்தனையோ முறை கெஞ்சினேன். "இல்ல மச்சான், அங்க ஆள் இருக்கணும்" என்பார். எதற்கு என்று நான் கேட்டதில்லை. கப்பல் டிக்கெட் கிடைக்கும்போதெல்லாம் மகளைப் பார்க்க வருவார். குளித்துச் சாப்பிட்டதும் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தப் பழைய படங்களில் ஒன்றைப் போடுவார். "இங்கதான் ஒங்கம்மா நிறுத்துவா" என்பார் ரயில் வரும்போது. கல்யாண வீட்டுச் சமையற்காரன் பாயசத்தில் உப்பைக் கொட்டும் காட்சி வந்தால், "இந்த எடத்துல சிரிப்பா பாரு, அடுத்த லயம் வரைக்கும் கேக்கும்" என்பார். ஆனால் அவர் சிரிக்கமாட்டார். அழவும் மாட்டார். அக்கா சிரித்து ஓயும் நேரத்துக்குக் கொஞ்சம் காத்திருப்பவர் போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

புதிதாக வந்த படம் எதையும் அவர் பார்க்கவில்லை. ஒரு பொங்கலுக்கு நான் ஆசையாக ஒன்றை வாங்கிவைத்திருந்தேன். பெயர் போடுவதற்குள் எழுந்து வெளியே போய்விட்டார். பின்னாலேயே போனேன். "அவ பாக்காதத நான் மட்டும் எப்பிடி மச்சான் பாக்கறது?" என்று கேட்டார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. எனக்கும் அவள் அக்காதானே. அந்த வருஷத்துப் பாட்டு எங்காவது கடையில் ஒலித்தால் சாமான் வாங்காமல் நடந்துவிடுகிறவன்தான் நானும்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டே அந்தப் பெண் வளர்ந்தாள். அப்பா வருகிற நாளில் தலைவாரிப் பொட்டிட்டு, சொல்லாமலே வந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். படம் முழுக்க அவள் பார்த்துக்கொண்டிருப்பது திரையை அல்ல, அப்பாவின் முகத்தை. நல்ல பிள்ளை, அடக்கமான பிள்ளை என்று அத்தான் பெருமைப்படுவார். ஒரு முறை அவர் கப்பலேறிப் போனபின் என் மனைவியிடம் அவள் சொன்னாளாம்: "அத்தே, அம்மா எப்பிடி இருப்பாங்கன்னு நெனச்சா எனக்கு அந்தப் படத்து ஹீரோயின் மூஞ்சிதான் வருது." என் மனைவி இதை என்னிடம் சொல்லிவிட்டு அடுப்படியில் நெடுநேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

அவளுக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது ஒரு மழைக்கால மாலை. அத்தான் வழக்கம்போலப் படத்தைப் போட்டார். மகள் உட்காரவில்லை. "அப்பா, நான் பக்கத்து வீட்டுக்குப் போயிட்டு வரட்டா? புது ஹிந்திப் படம் போடுறாங்க" என்றாள். அத்தான் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்துவிட்டு, "டீக் ஹை, போயிட்டு வாம்மா" என்றார். பக்கத்து வீட்டில் ஒரு வங்காளிக் குடும்பம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மெல்லிய பலகைச் சுவர்தான். அத்தான் தனியாகப் படத்தைப் பார்த்தார். நான் கதவருகே உட்கார்ந்திருந்தேன்.

பாதிப் படத்தில் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. முதலில் மூச்சுப் பிடித்ததுபோல ஒரு விக்கல், பிறகு தொண்டை திறந்து கொட்டுகிற சிரிப்பு. அக்காவின் சிரிப்பு. அத்தான் எழுந்துவிட்டார். செருப்புகூடப் போடாமல் மழையில் இறங்கிப் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார். நானும் என் மனைவியும் பின்னால் ஓடினோம்.

உள்ளே பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உருண்டு சிரித்துக்கொண்டிருந்தவள் அவருடைய மகள். வாசலில் அப்பாவைப் பார்த்ததும் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் அந்தப் பழைய அடக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அத்தான் உள்ளே போகவில்லை. என் பக்கம் திரும்பினார். "மச்சான், எம் முன்னால இந்தப் புள்ள ஒரு நாளும் சிரிச்சதில்லியா?"

நான் ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். என் மனைவிதான் தாழ்ந்த குரலில் சொன்னாள். "சிரிப்பாண்ணே. நீங்க கப்பல் ஏறிப் போனதுக்கப்புறம் சிரிப்பா."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதார். இத்தனை வருஷத்தில் அன்றுதான் அவர் அழுது பார்த்தேன். வங்காளி வீட்டு அம்மா என்னவென்று புரியாமல், "க்யா ஹுவா பையா, க்யா ஹுவா?" என்று கேட்டபடி துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். பெண் எழுந்து வந்து, தப்புச் செய்தவள் போல, "நாம அந்தப் படத்தையே பாக்கலாம்பா, வாங்க" என்று அவர் கையைப் பிடித்தாள். அத்தான் தலையை ஆட்டி மறுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். ஹிந்திப் படம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். அதில் அவர் மனம் எவ்வளவு நின்றதோ தெரியாது. மகள் அன்று மறுபடி சிரிக்கவில்லை. அப்படியெல்லாம் உடனே வந்துவிடுகிறதா என்ன?

இரண்டு நாள் கழித்து அவருக்குக் கப்பல். எப்போதும் என்னோடு மட்டும் துறைமுகத்துக்கு வருகிறவர், "நீயும் வாறியாம்மா?" என்று மகளைக் கேட்டார். டெலானிபூர் மேட்டிலிருந்து ஹேடோவுக்கு இறங்கும் சாலையில் அவர்கள் இருவரும் முன்னால் நடந்தார்கள். நான் சற்றுப் பின்தங்கியே போனேன். கப்பல்கள் கண்ணுக்குத் தெரிகிற வளைவில் அவள் கேட்டாள்.

"அப்பா, படத்துல இல்லாம, அம்மாவப் பத்தி ஏதாச்சும் சொல்லுங்களேன்."

அத்தான் நின்றுவிட்டார். கடலைப் பார்த்தபடியே நின்றார். பிறகு, "ஒங்கம்மாவுக்கு நல்லா நீச்சல் தெரியும்மா" என்றார். "ஆம்பளைங்களுக்கு முந்தி அக்கரைக்குப் போயிருவா. அதான் நான் அங்கயே இருந்துட்டேன். எப்பிடியும் எங்கயாச்சும் கரையேறி வந்துருவான்னு."

அந்தப் பெண் அவர் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். இருவரும் மறுபடி நடந்தார்கள்.