ஓ.டி.க்கு அனுப்பிட்டாங்க

கடலூரில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில் கம்ப்யூட்டர் வைத்தபோது, எதை எப்படிப் பதிவது என்று திட்டம் போட வந்த அதிகாரி அவர். மடிப்புக் கலையாத சட்டை, தூக்கமில்லாத கண்கள். நீளமான சொல் எதையும் பேனாவால் வெட்டி இரண்டெழுத்தாக்கிவிடுவார். “நேரம் மிச்சம்ல?” என்பார். ஆபரேஷன் தியேட்டர் ஓ.டி. ஆனது. கடலூரில் ஓ.டி. என்றால் ஓல்டு டவுன். எங்களில் பாதிப் பேருக்கு வீடே அங்கேதான், ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஓல்டு டவுன் பெண் ஒருத்தி பழம் வாங்கப் போன நேரத்தில், அவள் கணவனுக்கு மோசமாகி அவசரமாகத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். காலிக் கட்டிலைக் கண்டு கவுன்டரில் கேட்டாள். திரையைப் பார்த்து, “ஓ.டி.க்கு அனுப்பிட்டாங்க” என்றார்கள். அவள் சந்தோஷமாக டவுன் பஸ் ஏறிவிட்டாள்.

சாயங்காலம் திரும்பி வந்தாள். கவுன்டரில் அதிகாரிதான் நின்றார்.

“ஓ.டி.க்கு அனுப்பிட்டதா சொன்னாங்க சார். வூடு பூட்டியே கெடக்குது. எங்க சார் போனாரு?”

அவர் திரையைப் பார்த்தார். அங்கே இப்போது வேறு இரண்டெழுத்து. இறந்தவர்களுக்கென்று அவரே வைத்தது.

“உக்காரும்மா” என்றார். அவள் தரையில் உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.