அப்பாவின் சட்டைச் சூடு

இன்று வீட்டில் துணி உலர்த்தும் டிரையரைத் திறந்ததும் சோப்பும் சூடும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. அமெரிக்காவில், ஃப்ரீமான்ட் ஊரில் நாங்கள் இருந்த அபார்ட்மெண்டை எப்போதோ இடித்துவிட்டார்கள். அதன் லாண்டரி ரூமில்தான், டிரையர்கள் கடகடவென்று சுற்ற, ஏதோ ஒரு பேண்ட் பட்டன் உள்ளே டிக் டிக்கென்று தட்டிக்கொண்டிருக்க, ஞாயிறுதோறும் என்னை வாஷிங் மெஷின்மேல் உட்காரவைத்து, துணி மடித்தபடியே அம்மா கரடிக் கதை சொல்வாள்.

எனக்கு ஐந்து வயதில் அப்பா இறந்தார். "அப்பா இந்தியா போயிருக்கார்மா" என்றார்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டிகள். நல்ல மனதோடு சொன்ன பொய்தான். எனக்கு அதில் இன்னும் கோபம். அப்போது அதை நம்பி, பறக்கும் விமானத்துக்கெல்லாம் கை காட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு, கதையில் அப்பா கரடி காட்டுக்குள் போனது. "எப்போ திரும்பி வரும்?" என்றேன்.

அம்மாவின் கை நின்றது. "வராதுடா கண்ணா. செத்துப்போச்சு. நம்ம அப்பாவும்தான்."

"குட்டிக் கரடி?"

"அழுதுச்சு. அப்புறம் அப்பா சட்டையப் போட்டுக்கிச்சு."

டிரையரிலிருந்து, அவள் அப்போதும் துவைத்துவந்த அப்பாவின் நீலச் சட்டையை எடுத்து எனக்கு மாட்டிவிட்டாள். முழங்காலுக்குக் கீழே தொங்கியது. படியேறி வீட்டுக்கு வருவதற்குள் சூடு போய்விட்டது; சட்டையை நான் கழற்றவில்லை.