அத்தான் ஏறாத மணிக்கூண்டு

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மற்றவர்கள் லிஃப்டில் ஏறினால் பட்டனைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் கண்ணாடியில் தலைமுடியைப் பார்ப்பார்கள். அத்தான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். கதவு மூடும் சத்தத்தையும் நிற்கும்போது வரும் சின்னக் குலுக்கலையும் வைத்தே, "இது இன்னும் ரெண்டு மாசம் ஓடினா பெரிசு" என்பார். ஒருமுறை சொந்தக்காரர் ஒருவரை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போய், நோயாளியை நான்கு நிமிஷமும் லிஃப்டை நாற்பது நிமிஷமும் பார்த்துவிட்டு வந்த மனுஷர் அவர்.

அவருடைய கம்பெனி கடல் தாண்டி ஒரு ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நான்கு லிஃப்ட் போட்டுக் கொடுத்திருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை போய், நான்கையும் பிரித்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ஒன்பது வருஷமாக அந்த வேலைக்கு அத்தான்தான் போகிறார். போனால் பத்து நாள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஃபோன் வரும். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அக்கா காய் நறுக்குவாள். மகள் ஒரு நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

மகளுக்கு இப்போது பதினோரு வயது. வீட்டில் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். டீச்சர், டாக்டர், நான், யார் எதைச் சொன்னாலும் குறுக்கு விசாரணை உண்டு. "சித்தி, நீங்க பார்த்தீங்களா, இல்ல யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டு என்னைத் திணறடித்திருக்கிறாள். அந்த நீதிமன்றத்தில் ஒரே ஒரு சாட்சிக்கு மட்டும் விசாரணை கிடையாது. "அப்பா சொன்னார்" என்றால் வழக்கு முடிந்தது.

அப்பா நிறையச் சொன்னார். கண்ணாடித் தொட்டிக்குள் மேஜை அகலத்துக்கு ஒரு ஆமை, ஏழு நிறத்தில் தண்ணீர் பீய்ச்சும் நீரூற்று, கடற்கரையில் நூற்றுப் பன்னிரண்டு படி வைத்த பழைய மணிக்கூண்டு, அதன் உச்சியில் நின்றால் முகத்தில் அறையும் காற்று. எல்லாம் தேதி போட்டு நோட்டில் ஏறியது.

உண்மையை இங்கேயே போட்டு உடைத்துவிடுகிறேன். அத்தான் இதில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. காலை ஆறு மணிக்கு வேன் வரும். பகல் முழுக்க லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள், இல்லையென்றால் மேலே மோட்டார் அறையில். சாயங்காலம் அதே வேன். கடைசி நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக விமான நிலையம். ஹோட்டல் அறையில் சிக்னல் கிடைக்காது என்பதால் ரிசப்ஷனில் நின்றுதான் பேசுவார். அங்கே சுவரோரம் ஒரு மரத்தட்டு, அதில் சுற்றுலா நோட்டீஸ்கள். முதல் வருஷம், முதல் நாள், "ஊர் எப்படிங்க இருக்கு?" என்று அக்கா கேட்டபோது அவர் கை அந்தத் தட்டின் மேல் இருந்தது. குழிக்குள் கிடந்தேன் என்று சொன்னால் வீட்டில் கவலைப்படுவார்களே என்று ஒரு நோட்டீஸை எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது.

வாடிக்கையாளர் புகார்களை ஃபோனில் கேட்பதுதான் என் பிழைப்பு. ஒருத்தர் பேப்பரைப் பார்த்துப் படிக்கிறாரா, சொந்தமாகப் பேசுகிறாரா என்று மூன்றாவது வரியில் கண்டுபிடித்துவிடுவேன் என்று பீற்றிக்கொள்வேன். எட்டு வருஷம் அத்தான் என் மூக்குக்குக் கீழேயே படித்திருக்கிறார். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

போன வருஷம் கம்பெனியில் பெரிய மனசு பண்ணி, வேலை முடிந்ததும் நான்கு நாள் அங்கேயே தங்கிக்கொள்ளலாம், குடும்பத்தையும் கூட்டிப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அத்தான் அதை வீட்டில் சொன்னவிதமே சரியில்லை. பரீட்சை தேதி வந்த பையன் மாதிரிச் சொன்னார். வக்கீல் குதித்தாள். அக்கா மட்டும், "பார்த்தவரே இன்னொரு தடவ பார்த்துட்டு வரட்டும்" என்றாள். நான்தான் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு நானும் ஒட்டிக்கொண்டேன். அத்தான் முன்னாலேயே போய்விட, அவர் வேலை முடிய மூன்று நாள் இருக்கும்போது நாங்கள் போய் இறங்கினோம்.

அந்த மூன்று நாளும் ஹோட்டல் அறைதான். ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்தும் இடம். வக்கீல் நோட்டைப் பார்த்துப் பதினான்கு இடங்களுக்குப் பட்டியல் போட்டாள். அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "மணிக்கூண்டுக்கு மட்டும் நான் வரல. நீங்க போயிட்டு வாங்க" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு முழங்கால் வலி என்றாள். அவளுக்கு முழங்கால் வலி இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஒரு நாள் காலையில் ரிசப்ஷனில் அத்தான் அந்த மரத்தட்டின் முன் நின்று நோட்டீஸ்களை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மனுஷர் எவ்வளவு அக்கறையாகத் தயாராகிறார் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நான்காம் நாள் காலை கிளம்பினோம். அத்தான் முன்னால் நடந்தார். நடை என்னவோ பிறந்து வளர்ந்த ஊரில் நடப்பது மாதிரிதான் இருந்தது. ஒரே முடிவெட்டும் கடையை மூன்று தடவை தாண்டினோம். மூன்றாவது தடவை கடைக்காரர் எங்களுக்குக் கை காட்டினார். எப்படியோ மீன் காட்சிசாலை வந்தது. ஆமையும் இருந்தது. நீரூற்று இருந்தது, தண்ணீர்தான் இல்லை. "இன்னைக்கு லீவு போல" என்றார் அத்தான். வக்கீல் அதையும் எழுதிக்கொண்டாள். அத்தானின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெயில் அவ்வளவாக இல்லை.

அவர் பயந்தது எனக்கோ அக்காவுக்கோ இல்லை. மகளுக்குத்தான். ஒரு பொய் அகப்பட்டால் அந்த நோட்டு முழுக்கப் போய்விடும். இனிமேல் "அப்பா சொன்னார்" என்று அவள் எந்த வழக்கையும் முடிக்கமாட்டாள்.

மணிக்கூண்டுக்குப் போனபோது மணி மூன்று. வரமாட்டேன் என்ற அக்காவும் தனியாக எங்கே நிற்பது என்று கூடவே வந்திருந்தாள். இரும்புக் கதவில் பூட்டு. பூட்டு துருப்பிடித்திருந்தது. பக்கத்தில் ஒரு பலகை. காவலாளி நாற்காலியில் உட்கார்ந்தபடியே, லிஃப்ட் கெட்டுப்போய்விட்டது, படிக்கட்டும் ஆபத்து, அதனால் மூடிவிட்டார்கள் என்று கையாலும் அரைகுறை ஆங்கிலத்தாலும் விளக்கினார். வக்கீல் பலகைக்கு அருகில் போய்த் தேதியைப் படித்தாள். விரல்விட்டு எண்ணினாள்.

"அப்பா, இதை மூடி ஏழு வருஷம் ஆகுது."

அத்தான் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க இதுல ஏறினது எனக்கு அம்மை போட்டிருந்தப்போ. நான் ஒண்ணாம் கிளாஸ். நாலு வருஷம்தான் ஆகுது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. குடும்ப மானம் போகிறதே என்று நானே குறுக்கே புகுந்தேன். "லிஃப்ட் கெட்டுப்போச்சுன்னு சொல்றாங்கல்ல? அதைப் பார்க்க அப்பாவைக் கூப்பிட்டிருப்பாங்கடி. மத்தவங்களுக்குத்தான் பூட்டு. என்ன அத்தான்?"

என் வாழ்நாளில் நான் அவ்வளவு வேகமாக ஒரு பொய்யைத் தைத்துக் கொடுத்ததில்லை. அளவும் கச்சிதமாக இருந்தது. அவர் தலையை ஆட்டினால் போதும். வக்கீல் முகத்தில் நம்பிக்கை திரும்ப வர ஆரம்பித்தது, ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்பது போல அவரையே பார்த்தாள். அத்தான் அந்த முகத்தைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார்.

"இல்லம்மா" என்றார். "நான் இதுல ஏறல. இந்தப் பக்கமே வந்ததில்ல. ஹோட்டல்ல நோட்டீஸ் இருக்கும், அதைப் பார்த்து சொன்னேன். அது பழைய நோட்டீஸ் போல."

"ஆமை?"

"இன்னைக்குத்தான் முதல் தடவ பார்த்தேன்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

வக்கீல் நோட்டை மூடினாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடல் பக்கமாக இருந்த மதிலோரம் போய் நின்றாள். மதில் அவளைவிட உயரம். அங்கிருந்து அவளுக்குச் சுவர் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். அடி விழப்போகிறது என்று நான் நினைத்தேன். அவள் நிதானமாகக் கேட்டாள். "இவளுக்கு அம்மை போட்டிருந்தப்போ, மணிக்கூண்டு உச்சில நிக்கிறேன்னு சொன்னீங்களே. நிஜமா அன்னைக்கு என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"மூணாம் நம்பர் லிஃப்ட் குழியில தண்ணி இறங்கிடுச்சு. காலைலேருந்து இறைச்சேன். உன்கிட்ட பேசும்போது முழங்கால் வரைக்கும் பேன்ட் ஈரம். ரிசப்ஷன்ல தரை நனையுதுன்னு திட்டிட்டு இருந்தாங்க."

"சாப்பிட்டீங்களா?"

"ரொட்டி இருந்துச்சு."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. "நாலு வருஷமா வயிறு எரிஞ்சேங்க. புள்ள உடம்பு நெருப்பா கொதிக்குது, நான் வேப்பிலையும் கையுமா முழிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன், இந்த மனுஷன் காத்து வாங்குறாரேன்னு. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவ நீங்க பெட்டி கட்டும்போதும் எரிஞ்சுது."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்ல? உழைக்கிற மனுஷன் ஒரு நாள் காத்து வாங்கினா அதுக்கும் எரிச்சலா பொம்பளைக்குன்னு எனக்கே என்னைப் பிடிக்கல." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நல்ல வேளை. நீங்க ஒண்ணும் பார்க்கல."

புருஷன் எட்டு வருஷம் பொய் சொன்னான் என்று தெரிந்து இவ்வளவு நிம்மதிப்பட்ட பெண்ணை நான் பார்த்ததில்லை. நெஞ்சில் வைத்திருந்த அம்மிக்கல்லை இறக்கி வைத்தவள் போல இருந்தாள். முழங்கால் வலியும் போய்விட்டது. அத்தானுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. திட்டு வாங்க நின்றவருக்கு "சாப்பிட்டீங்களா" என்று கேட்டால் என்ன புரியும்.

வக்கீல் திரும்பி வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. "அப்போ நீங்க நிஜமா பார்த்தது எது? அதைக் காட்டுங்க."

காவலாளியிடம் வழி கேட்டு, பஸ் பிடித்து ஆஸ்பத்திரித் தெருவில் இறங்கினோம். அங்கிருந்து அத்தான் வழியே தவறவில்லை. எந்தக் கடையில் நல்ல போல்ட் கிடைக்கும், எந்த வாசலில் காவலாளி கேள்வி கேட்கமாட்டார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளே துப்புரவு அம்மாள் துடைப்பத்தை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தார். நர்ஸ் ஒருவர் எங்களைக் காட்டி, இவர்கள்தானா என்று சைகையில் கேட்டார். ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் அந்தக் கட்டடத்துக்குள்தான் இருந்தார்கள்.

மூன்றாம் நம்பர் லிஃப்ட் காலியாகும்வரை காத்திருந்து ஏறினோம். கட்டில் நுழையும் அகலம். அத்தான் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து மகளிடம் கொடுத்தார்.

"தரையில நேரா நிறுத்து. படுக்க வைக்காத, விளிம்புல."

இரண்டு தடவை விழுந்தது. மூன்றாவது தடவை நின்றது. அத்தான் எட்டை அழுத்தினார். கதவு மூடியது. நாங்கள் நால்வரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். லிஃப்ட் கிளம்பியதே தெரியவில்லை. நாணயம் அசையவில்லை.

"வயித்துல தையல் போட்டவங்களை இதுலதான் கொண்டு போவாங்க" என்றார் அத்தான். "கொஞ்சம் குலுங்கினாலும் உயிர் போற மாதிரி வலிக்கும். அதுக்குத்தான் பத்து நாள்."

எட்டாம் மாடியில் கதவு திறந்தபோதும் நாணயம் நின்றுகொண்டிருந்தது. வக்கீல் குனிந்து எடுத்து, கையை மூடிக்கொண்டாள். மோட்டார் அறைக் கதவைக் காட்ட அத்தான் இடதுபக்கம் திரும்பினார். அவள் வலதுபக்கம் போனாள். நடையின் கோடியில் ஒரு ஜன்னல் இருந்தது.

"அப்பா, இங்க வாங்க."

கடல் முழுசாகத் தெரிந்தது. ஓரத்தில் மணிக்கூண்டும் தெரிந்தது, நாங்கள் அதைவிட உயரத்தில் நின்றுகொண்டிருந்தோம். அந்த ஜன்னலுக்கும் மோட்டார் அறைக்கும் இருபது அடி இருக்கும். எட்டு வருஷமாக அத்தான் அந்த இருபது அடி நடந்ததில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நிறைய நேரம் நின்றார். அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள். வக்கீல் நோட்டைத் திறந்து பழைய பக்கங்களை எல்லாம் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். புதுப் பக்கத்தில், "நாணயம் விழவில்லை. நானே பார்த்தேன்" என்று எழுதினாள். அப்பா சொன்னதாக எதையும் எழுதவில்லை. அத்தான் அதைக் கவனித்தார். எனக்கு அவரைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

மிச்சம் மூன்று நாளும் நாங்கள் வழி கேட்டுக் கேட்டு ஊர் சுற்றினோம். எதுவும் தெரியாத மனுஷரோடு சுற்றுவது எவ்வளவோ சுகம். அத்தான் சிரித்ததை அந்த மூன்று நாளில்தான் அவ்வளவு பார்த்தேன்.

இந்த வருஷம் வழக்கம்போல அவர் தனியாகப் போனார். முதல் நாள் ஏழு மணிக்கு ஃபோன் வந்தது. நானும் அங்கே இருந்தேன். அக்கா காய் நறுக்கவில்லை, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"இடுப்பு பிடிச்சுக்கிச்சு" என்றது அத்தான் குரல். "நாலாம் நம்பர் கதவு மக்கர் பண்ணுது. சோறு ஆறிப்போய் கல்லு மாதிரி இருந்துச்சு."

"ஐயோ பாவம்" என்றாள் அக்கா. முகம் அப்படி மலர்ந்திருந்தது. தைலத்தை எங்கே வைத்திருக்கிறாள், எப்படித் தேய்க்க வேண்டும் என்று கால்மணி நேரம் பேசினாள். இதற்கு முன்னால் அவள் அவரோடு ஃபோனில் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு வக்கீல் ஃபோனை வாங்கினாள்.

"ஜன்னல் பக்கம் போனீங்களா?"

"போனேன்."

"கடல் என்ன கலர்ல இருந்துச்சு?"

மரத்தட்டு அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும் என்று எனக்கு ஞாபகம் வந்தது.

"தெரியலம்மா" என்றார். "இன்னைக்கு இங்க சரியான மழை. ஜன்னல்ல தண்ணிதான் வழிஞ்சுது. ஒண்ணுமே தெரியல."

வக்கீல் நோட்டை எடுத்தாள். தேதி போட்டாள். மழை, கடல் தெரியவில்லை என்று எழுதினாள். பேனாவை மூடப்போனவள் மறுபடி திறந்து, கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: அப்பா சொன்னார்.